48 நிமிட வீடியோவில் 31ஆவது நிமிடம்: ஆன்லைன் பாடத்தை எப்படித்தான் நடத்துகிறீர்கள்?

#1 கரும்பலகை

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். 17 வருடம், எல்லாம் சாக்பீஸோடுதான். போன பருவத்தில் எங்கள் துறையில் முதல்முறையாக ஒரு தாளை முழுக்க ஆன்லைனில் நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 2020இல் நாமெல்லாம் செய்ததுபோல ஜூமைத் திறந்துவைத்துக் கத்திவிட்டுப் போவதல்ல. பாடம், பயிற்சி, தேர்வு எல்லாமே ஆன்லைனுக்கென்றே திட்டமிட்டது. சரி, ஒரு கை பார்ப்போம் என்று 42 வீடியோ எடுத்தேன். எதுவும் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது.

பருவம் முடிந்தபிறகு யார் எதை எவ்வளவு பார்த்தார்கள் என்ற பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

கருதுகோள் சோதனை பற்றிய பாடம், 48 நிமிடம். பதிந்திருந்த 118 பேரில் 96 பேர் திறந்திருக்கிறார்கள். ஏழாவது நிமிடத்தில் பாதிப் பேர் இல்லை. அதற்கப்புறம் கோடு தரையோடு தரையாகப் போகிறது. திடீரென்று 31ஆவது நிமிடத்தில் ஒரு மேடு. அந்த இடத்தில்தான் ஒரு கணக்கை முதலிலிருந்து கடைசிவரை போட்டுக் காட்டுகிறேன். முதல் 30 நிமிடம் வரையறை, பின்னணி, தத்துவம் என்று நான் பெருமையாக நினைத்திருந்த பகுதியை ஒருத்தரும் சீண்டவில்லை. நேராக 31க்குத் தாவியிருக்கிறார்கள். சிலர் அந்த ஆறு நிமிடத்தை மட்டும் ஐந்தாறு தடவை ஓட்டியிருக்கிறார்கள்.

இதில் ஒரு கூச்சமான விஷயமும் உண்டு. அந்தக் கணக்கில் நடுவில் கழித்தலில் தப்பு செய்துவிட்டு, "இருங்க, இது சரியில்லையே" என்று அழித்துவிட்டு மறுபடி போடுகிறேன். வெட்டி எறிய வேண்டும் என்று நினைத்து மறந்துபோன இடம். மேட்டின் உச்சி சரியாக அங்கேதான் இருக்கிறது.

இறுதித் தேர்வு எழுதியவர்கள் 71 பேர். இதே தாளை வகுப்பறையில் நடத்தினால் 110க்குக் குறையாது. வீடியோவைச் சின்னதாக வெட்டினால் சரியாகிவிடுமா, இல்லை நான் தப்பான இடத்தில் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறேனா?

#2 இரவுப்பறவை

சார், உங்கள் கோட்டில் இருக்கும் அந்த மேட்டில் என்னைப் போல ஒருத்தி கட்டாயம் இருப்பாள்.

பகலில் வேலை, இரவில் படிப்பு. எந்த வீடியோவாக இருந்தாலும் 1.5 வேகத்தில்தான் ஓடும். தூக்கம் வந்தால் 1.75. வரையறையெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, அங்கே படித்தால் நான்கு நிமிடம். கணக்குப் போடும் கை மட்டும் புத்தகத்தில் இல்லை. நீங்கள் தப்பு செய்த இடத்தை ஏன் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள் என்று கேட்டால், விடை தப்பாக வருகிறது என்பதை நீங்கள் எப்படி மோப்பம் பிடித்தீர்கள் என்று பார்க்கத்தான். எனக்குத் தேர்வில் நடப்பதும் அதுதானே. தயவுசெய்து அதை வெட்டிவிடாதீர்கள்.

ஆனால் பாதியில் விட்டுப் போனவர்கள் வீடியோ நீளத்தால் போனார்கள் என்று நான் நினைக்கவில்லை. நானே இரண்டு படிப்பைக் கைவிட்டவள், ஒன்றை முடித்தவள். கைவிட்ட இரண்டிலும் வீடியோ பிரமாதம், அனிமேஷனெல்லாம் உண்டு. முடித்த படிப்பில் வீடியோ சுமார்தான். பயிற்சித்தாள் அனுப்பினால் அடியில் இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பும் ஒரு ஆசிரியை இருந்தார், அவ்வளவுதான். ஒரு வாரம் நான் அனுப்பவில்லை. வியாழக்கிழமை ஒரு செய்தி வந்தது: "இந்த வாரம் உங்கள் தாள் வரவில்லையே, உடம்பு ஏதும் சரியில்லையா?" அன்று இரவு உட்கார்ந்துவிட்டேன்.

மற்ற இரண்டிலும் செய்தி வராமல் இல்லை. "3 நாட்களாக உங்களைக் காணவில்லை! கற்றல் பயணத்தைத் தொடருங்கள்!" என்று ராக்கெட் படத்தோடு வரும். அது வந்தால் எல்லோரும் என்ன செய்வார்களோ அதைத்தான் நானும் செய்தேன்.

#3 திரைக்குப்பின்

நான் வாத்தியார் இல்லை. ஒன்பது வருடமாக ஆசிரியர்களோடு உட்கார்ந்து ஆன்லைன் பாடங்களை வடிவமைக்கும் வேலை. இந்தக் கேள்வியை மாதம் ஒருவராவது கேட்பார்கள்.

நீளத்தைப் பற்றி எல்லோரும் காட்டும் ஆய்வு 2014இல் வந்தது. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ ஓடிய பதிவுகளை ஃபிலிப் குவோவும் கூட்டாளிகளும் அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் வரிசையில் நடுவில் நிற்கும் மாணவர் அதில் தங்கும் நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. உடனே "ஆறு நிமிடம்" என்பது வேதவாக்காகிவிட்டது. 48 நிமிடத்தைக் கத்தரியால் எட்டாக வெட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அதே ஆய்வில் யாரும் படிக்காமல் விட்ட பக்கங்கள் இருக்கின்றன. வகுப்பில் எடுத்த நீள உரையை அப்புறம் துண்டு போட்டால், முதலிலேயே துண்டுகளாகத் திட்டமிட்டு எடுத்த அளவுக்கு அது எடுபடுவதில்லை. ஸ்லைடைவிடக் கையால் எழுதிக்கொண்டே போவது ஆளை உட்காரவைக்கிறது. அப்புறம், உரையும் செய்முறை விளக்கமும் ஒன்றல்ல. உரையை ஒரு தடவை பார்ப்பார்கள், செய்முறையைத் தேவைப்படும்போதெல்லாம் திரும்பி வந்து பார்ப்பார்கள். உங்கள் 31ஆவது நிமிடம் அதுதான்.

இன்னொன்று. 2013இல் ஸ்புனார், கான், ஷாக்டர் மூவரும் 21 நிமிட வீடியோ ஒன்றை நான்காகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஒவ்வொரு துண்டுக்கு அப்புறமும் சின்னக் கேள்விகள் கேட்டார்கள். அந்தக் குழுவில் மனம் அலைபாய்வது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, குறிப்பெடுப்பதும் கூடியது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாடமே புள்ளியியல்தான். உங்களுக்கென்று செய்தது மாதிரி இருக்கிறது.

#4 கறார்

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். நான் நேராகக் கேட்கிறேன். இத்தனை வருடமாக எண்கள் சொல்லும் கதை என்ன?

2011இல் ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ருன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 1,60,000 பேர் பதிந்தார்கள். முடித்தவர்கள் 23,000 சொச்சம். அடுத்த வருடம் எம்ஐடியின் மின்சுற்றுப் பாடம் எட்எக்ஸில் வந்தது. ஏறக்குறைய 1,55,000 பேர் பதிந்தார்கள், சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157. இன்னும் 50 வருடத்தில் உலகத்தில் பத்தே பத்து உயர்கல்வி நிறுவனம்தான் மிஞ்சும் என்றுகூட த்ருன் அப்போது சொன்னார். 2013இல் அவருடைய ஆன்லைன் பாட நிறுவனமான யுடாசிட்டி, சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கணிதமும் புள்ளியியலும் நடத்தியது. தேர்ச்சி வகுப்பறையைவிடப் படுமோசம், சில மாதத்தில் நிறுத்திவைத்தார்கள். தங்கள் சரக்கு மட்டம் என்று அவரே அந்த வருடக் கடைசியில் பேட்டியில் ஒத்துக்கொண்டார். எட்எக்ஸையும் 2021இல் 80 கோடி டாலருக்கு விற்றார்கள். வாங்கிய 2யூ நிறுவனம் 2024இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

கரும்பலகை சார், உங்களுடைய 118க்கு 71 என்பது இந்த ஊர்வலத்தில் கௌரவமான எண். சந்தோஷப்படுங்கள்.

#5 திரைக்குப்பின்

எண்களில் குற்றமில்லை. ஆனால் இரண்டு வேறு சங்கதிகளை ஒரே தராசில் போட்டுவிட்டீர்கள்.

இப்படி யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய இலவச ஆன்லைன் படிப்பில் (மூக் என்பார்கள்) பதிவது என்றால் ஒரு பொத்தானை அழுத்துவது. நூலகத்தில் புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு வைத்தவரையெல்லாம் "பாதியில் விட்டவர்" என்று கணக்கெடுப்போமா? 2019இல் ஜஸ்டின் ரைக், ஹோசே ருயிபெரெஸ்-வாலியன்டே இருவரும் சயின்ஸ் இதழில் எம்ஐடி, ஹார்வர்டு நடத்திய எட்எக்ஸ் பாடங்களின் ஆறு வருடக் கணக்கை வெளியிட்டார்கள். 2017-18இல் பதிந்தவர்களில் முடித்தவர்கள் 3 சதவீதம் சொச்சம். காசு கட்டிச் சான்றிதழுக்கென்று சேர்ந்தவர்களை மட்டும் எடுத்தால் 46 சதவீதம். அதே வீடியோ, அதே வாத்தியார்.

பட்டப் படிப்பு இன்னொரு உலகம். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014 ஜனவரியில் கணினி அறிவியல் முதுகலையை ஆன்லைனில் தொடங்கியது, மொத்தக் கட்டணம் 7,000 டாலர் அளவில். சில நூறு பேரோடு ஆரம்பித்தது, இன்று பத்தாயிரத்துக்கு மேல் படிக்கிறார்கள். வேலையை விடாமல் படிப்பவர்கள்தான் பெரும்பாலும். அங்கே பாடத்துக்குப் பாடம் உதவி ஆசிரியர்கள் பெரும்படையாக இருக்கிறார்கள், தாள்களைத் திருத்த, மன்றத்தில் பதில் சொல்ல. 2016இல் அந்தப் படையில் ஜில் வாட்சன் என்ற பெயரில் ஒரு மென்பொருளை அங்கே பேராசிரியரான அஷோக் கோயல் நுழைத்துவிட்டார், மாணவர்களுக்குத் தெரியாமலே. பல பேர் அதை ஆள் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். அது தனிக் கதை.

#6 தபால்பெட்டி

தம்பி கறார், கோபப்படாமல் கேளுங்கள். நான் ஓய்வுபெற்ற ஆள். கணினி வருவதற்கு முன்னால் தபால் வழிப் படிப்பில் விடைத்தாள் திருத்தியவன்.

நீங்கள் 2011இலிருந்து கதையைத் தொடங்குகிறீர்கள். இது அதைவிட ரொம்பப் பழைய வியாபாரம். 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக் காசுக்குக் கடிதம் அனுப்பும் தபால் வந்தவுடனே ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தைத் தபாலில் சொல்லிக்கொடுத்தார். அவர் செய்த காரியத்தில் கெட்டிக்காரத்தனமான பகுதி பாடத்தை அனுப்பியது இல்லை. மாணவர் எழுதி அனுப்பியதைத் திருத்தித் திருப்பி அனுப்பினார் பாருங்கள், அதுதான். 1858 முதல் லண்டன் பல்கலைக்கழகம் எங்கேயோ இருந்து படிப்பவர்களுக்கும் பட்டத்தைத் திறந்துவிட்டது. தேர்வு வைத்தார்கள், பட்டம் கொடுத்தார்கள். படிப்பதற்குத் துணை அவரவர் பாடு.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 1969இல் சாசனம் கிடைத்தது, 1971இல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். பிபிசியில் அகால நேரத்தில் பாடம் ஒளிபரப்பானது. பெரிய கண்ணாடி, தாடி, அகலக் காலர் சட்டையோடு பேராசிரியர்கள் வந்து நின்றதை வைத்து இன்றைக்கும் கேலி செய்வார்கள். உலகம் அந்தத் தொலைக்காட்சியைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. உண்மையில் அந்த வண்டியை இழுத்தது ஆசிரியர் திருத்தும் பயிற்சித்தாள். ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆசிரியர் உண்டு. 2006 கடைசியில் அந்த ஒளிபரப்பை நிறுத்தினார்கள். பல்கலைக்கழகம் அதுபாட்டுக்கு நடக்கிறது.

நான் திருத்திய காலத்தில் ஒரு தாளுக்கு இவ்வளவு என்று கூலி. மதிப்பெண் மட்டும் போட்டு அனுப்பினாலும் அதே கூலிதான். ஓரத்தில் நாலு வரி எழுதி அனுப்பினால் அடுத்த தாள் தவறாமல் வரும். வெறும் மதிப்பெண்ணோடு போனது பல நேரம் திரும்பி வராது. இதற்கு நான் ஆய்வெல்லாம் வைத்திருக்கவில்லை, சிவப்பு மைதான் சாட்சி.

இன்னொரு தகவல், சும்மா ருசிக்காக. 1960இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கணினிவழிப் பாட அமைப்பைத் தொடங்கினார்கள். 1973இல் அதற்குள்ளேயே குறிப்புப் பலகை ஒன்று முளைத்தது. பாடம் நடத்த வாங்கிய இயந்திரத்தில் மாணவர்கள் உட்கார்ந்து அரட்டை அடித்தார்கள். நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கிற மாதிரிப் பலகைகளுக்கு அது பாட்டன்.

#7 குடுவை

வேதியியல். எங்கள் ஆய்வகத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதால் குறுக்கே வருகிறேன்.

தரம்பார்த்தலை, அதாவது ஒரு கரைசலைத் துளித்துளியாக விட்டு நிறம் மாறும் இடத்தைப் பிடிக்கும் சோதனையை, திரையில் செய்தால் நிறம் சரியான துளியில் மாறும். எப்போதும் மாறும். நிஜ பியூரெட்டில் (துளி விடும் கண்ணாடிக் குழாய்) திருகியைக் கொஞ்சம் கூடத் திருப்பினால் ஒரு துளி அதிகம் விழுந்து எல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும், திரும்பவும் முதலிலிருந்து. அந்த "ஐயோ" தான் பாடம். கரும்பலகை சாரின் கழித்தல் தப்பும் இதே சாதிதான் என்று எனக்குப் படுகிறது.

சிமுலேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்னால் வீட்டில் பத்துத் தடவை செய்துவிட்டு வந்தால் எனக்குக் கண்ணாடிச் செலவு மிச்சம். பதிலியாக ஒத்துக்கொள்ள மாட்டேன்.

#8 தபால்பெட்டி

குடுவை அம்மா, அந்தத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலேயே பரிசோதனைப் பெட்டியை வீட்டுக்கு அனுப்பினார்கள். மெக்ஆர்தர் நுண்ணோக்கி என்று கைக்கடக்கமான பிளாஸ்டிக் நுண்ணோக்கி அதில் இருக்கும். அதுவும் போதாதென்று கோடை முகாம் வைத்து நேரிலும் வரவழைத்தார்கள்.

#9 கறார்

சரி, தபால்பெட்டி ஐயா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொள்ளவே முடியாதது தேர்வு. திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுவது மாணவரா, மாமாவா, சாட்ஜிபிடியா? 2022 நவம்பருக்கு அப்புறம் வீட்டில் எழுதிய கட்டுரைக்கு மதிப்பெண் போடும்போது யாருக்குப் போடுகிறேன் என்றே தெரியவில்லை. கேமரா கண்காணிப்பு இல்லாமல் பட்டத்துக்கு என்ன மரியாதை?

#10 இரவுப்பறவை

அந்தக் கேமராவுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவள் சொல்கிறேன். பெயர் சொல்ல வேண்டாம், ஒரு நிறுவனத்தின் தேர்வு. ஆரம்பிக்கும் முன் மடிக்கணினியைத் தூக்கி அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். எங்களுக்கு இருப்பதே ஒரு அறை. குழந்தை தூங்குகிறது, கொடியில் துணி காய்கிறது, எல்லாம் காட்டினேன். நான் மனக்கணக்குப் போடும்போது மேலே பார்க்கிறவள். எட்டு தடவை "பார்வை விலகியது" என்று மென்பொருள் குறித்துவைத்து, முடிவை மூன்று வாரம் நிறுத்திவைத்தார்கள். கடைசியில் ஒன்றுமில்லை என்றார்கள். மன்னிப்பெல்லாம் இல்லை.

#11 திரைக்குப்பின்

இதற்கு அமெரிக்காவில் வழக்கே நடந்தது. தேர்வுக்கு முன் அறையைக் கேமராவால் சுற்றிக் காட்டவைத்தது, காரணமில்லாத சோதனையிலிருந்து குடிமக்களுக்கு இருக்கும் அரசமைப்புப் பாதுகாப்பை மீறியது என்று 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். பல்கலைக்கழகம் கிளீவ்லேண்ட் அரசுப் பல்கலைக்கழகம். தொடுத்தவர் ஒரு மாணவர்.

கறார் சாரின் கவலை நியாயம்தான், கருவிதான் தப்பு. நாங்கள் இப்போது ஆசிரியர்களிடம் சொல்வது: வீட்டில் எழுதட்டும், எதை வைத்து வேண்டுமானாலும் எழுதட்டும். அப்புறம் எட்டு நிமிடம் வாய்மொழியில் கேளுங்கள். "இந்த இரண்டாவது படியில் ஏன் டி சோதனை, ஏன் இசட் இல்லை?" சொந்தமாகப் போட்டவர் தடுமாறினாலும் சொல்லிவிடுவார். மற்றவர் தன் தாளையே புதிதாகப் படிப்பார், முகத்திலேயே தெரிந்துவிடும்.

#12 கரும்பலகை

எட்டு நிமிடம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். 71 பேருக்கு 568 நிமிடம், ஒன்பதரை மணி நேரம். யார் சம்பளத்தில்?

கேலியில்லை, எழுதி வைத்துக்கொண்டேன். இந்தப் பருவத்தில் செய்துபார்க்கிறேன்.

#13 கரும்பலகை

ஒன்பது வாரம் கழித்து வருகிறேன். இழையை யாரும் மூடாததற்கு நன்றி.

இந்தத் தடவை 112 பேர். 42 வீடியோவையும் தூக்கிப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு பாடமும் கணக்கில் ஆரம்பிக்கிறது. ஒரு கணக்கு, நடுவே நிறுத்தி ஒரு கேள்வி, அடுத்த படி. வரையறை கடைசியில், அதுவும் எழுத்தில். 12, 13 பேராக ஒன்பது குழு, வாரத்துக்கு அரை மணி நேரம் நேரலை. கேமராவைக் கட்டாயப்படுத்தவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குரலாவது வர வேண்டும் என்று மட்டும் ஒப்பந்தம்.

வெள்ளிக்கிழமை மாலை, பயிற்சித்தாள் அனுப்பாதவர்களின் பட்டியலை எடுக்கிறேன். ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் நானே இரண்டு வரி எழுதுகிறேன். போன வாரம் அவர் எந்தக் கணக்கில் நின்றாரோ அதைக் குறிப்பிட்டு எழுதினால் பெரும்பாலும் அன்றிரவே பதில் வருகிறது. ஒரே செய்தியை வெட்டி ஒட்டி எல்லோருக்கும் அனுப்பிய வாரம் ஒருத்தர்தான் பதில் போட்டார். இடைத்தேர்வு எழுதியவர்கள் 101. தேர்ச்சி எப்படி என்று இறுதித் தேர்வுக்கு அப்புறம்தான் சொல்ல முடியும், ஒரு வகுப்பை வைத்துப் பெரிதாக முழங்குகிற ஆள் இல்லை நான். புள்ளியியல் வாத்தியார்.

ஒன்றில் அசடு வழிந்தேன். தப்பு செய்த இடத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததால், ஒரு வீடியோவில் வேண்டுமென்றே ஒரு தப்பை வைத்து, "அடடா, இங்கே ஏதோ இடிக்கிறதே" என்று எடுத்தேன். அரை மணி நேரத்தில் குழுவில் ஒரு பெண் எழுதிவிட்டாள்: "சார், இது நடிப்பு. நிஜமாகத் தப்பு வரும்போது நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவீர்கள்." இப்போது ஒத்திகை பார்க்காமல் புதுக் கணக்கை எடுத்துப் போடுகிறேன். தப்பு தானாக வருகிறது.

வாய்மொழித் தேர்வும் ஒரு சுற்று முடிந்தது. கறார் சார், நாலு பேர் தங்கள் தாளையே முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேருக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தபிறகு அடுத்த தாள் அவர்களே போட்டது என்று பந்தயம் கட்டுவேன்.

இதற்கெல்லாம் போகிற நேரம்தான் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே இல்லை. துறையிலோ ஆன்லைன் தாளைப் பாதி வேலையாகத்தான் கணக்கிடுகிறார்கள். "வீடியோதான் ஏற்கெனவே இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்கிறார்கள். அடுத்த பருவம் 300 பேரைச் சேர்க்கலாம் என்றும் ஒரு பேச்சு. ஒன்பது குழு 25 ஆகும். வெள்ளிக்கிழமைப் பட்டியலை யார் எழுதுவது?

#14 இரவுப்பறவை

மூக்குக்கண்ணாடி விஷயத்தைக் கண்டுபிடித்த பெண்ணுக்கு என் சார்பில் ஒரு கும்பிடு.

#15 திரைக்குப்பின்

300க்கு ஒத்துக்கொள்ளும் முன் உதவி ஆசிரியர் எத்தனை பேர் என்று எழுத்தில் வாங்குங்கள். 25, 30 பேருக்கு ஒருவர் இல்லையென்றால் அந்தப் பட்டியலை மென்பொருளிடம் கொடுப்பார்கள், ராக்கெட் படம் திரும்பி வரும். உங்கள் இரண்டு பருவத்துப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். 118க்கு 71, 112க்கு 101. ஒன்று இறுதித் தேர்வு, ஒன்று இடைத்தேர்வு என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள், அதற்கும் தயாராகப் போங்கள்.

#16 கறார்

அந்தக் கேள்வியை நானே கேட்க வந்தேன், முந்திக்கொண்டீர்கள்.

வேலைப்பளுக் கணக்கைத் தனி இழையாகப் போடுங்கள் சார். எங்கள் துறையிலும் இதே பாதிக் கணக்குதான். அடுத்த பருவம் ஒரு தாள் என் தலையிலும் விழுந்திருக்கிறது. அங்கே வருகிறேன்.